கொஞ்சம் தூக்கலாக ஊற்று என்பவர்களுக்கு

"கொஞ்சம் தூக்கலாவே ஊத்துங்க அண்ணாச்சி, இன்ஜினுக்கு நல்லது." சங்கரன்கோவிலில் எந்த டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் கடை வாசலிலும் காதில் விழக்கூடிய வாசகம் இது. விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப்போகும் பழைய எக்ஸ்எல் சூப்பர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைக்கப்படும் ஆர்எக்ஸ் 100, மக்காச்சோளக் காட்டில் படைப்புழுவுக்கு மருந்தடிக்கும் பெட்ரோல் ஸ்ப்ரேயர், வரப்போரம் ஓடும் களை வெட்டும் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் இதே மருந்துச் சீட்டுதான். கையேட்டில் லிட்டருக்கு 20 மில்லி என்றிருந்தால் 40 ஊற்றுவார்கள். மிஷின் புதிது என்றால் 50. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் கொஞ்சம் புகைதானே வரும் என்பது இதன் பின்னாலுள்ள கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கின் முதல் பாதி மட்டுமே சரி. கூடினால் புகை மட்டும் வருவதில்லை. எந்தப் பிடிப்பைத் தவிர்க்க ஊற்றுகிறோமோ அதே பிடிப்புக்கு அது வழி செய்கிறது.

அச்சத்தின் வேர் பொய்யானதல்ல. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் அடியில் தனியே கிடந்து, சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்யும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் புகுந்து, அங்கே அழுத்தப்பட்டு, பிறகே மேலே எரியும் இடத்துக்குப் போகின்றன. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகள், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்ரோலோடு கரைந்து வரும் ஆயில்தான் ஒரே பாதுகாப்பு. வேலை முடிந்ததும் அதுவும் எரிந்தோ எரியாமலோ சைலன்சர் வழியாகப் போய்விடும். ஆயிலே கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில கிலோமீட்டருக்குள் இன்ஜின் நின்றுவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் 'இல்லாவிட்டால் சாவு' என்பதிலிருந்து 'இருமடங்கு இருந்தால் இருமடங்கு ஆயுள்' என்று தாவுவதுதான் தவறு. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய படலம் நிற்க வேண்டும். அது நின்றுவிட்டால், அதற்கு மேல் வரும் ஆயிலுக்கு அங்கே உட்கார இடமில்லை. அது மேலே போய் எரியும், அல்லது அரைகுறையாக எரிந்து கரியாகும்.

தூக்கலாக ஊற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதைத் தொடங்கியவர்கள் முட்டாள்கள் அல்ல என்பது புரியும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிடைத்தவை சாதாரணக் கனிம எண்ணெய்கள். அவற்றுக்கு இருபதுக்கு ஒன்று, இருபத்தைந்துக்கு ஒன்று என்று ஊற்றியாக வேண்டியிருந்தது. ஜாவா, ராஜ்தூத் காலத்து மெக்கானிக்குகள் அந்த அளவில் கை பழகி, அதையே சீடர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எண்ணெய் மாறிவிட்டது. டெல்லியின் காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் இட்ட உத்தரவுகளில் ஒன்று, அந்த ஆண்டு இறுதிக்குள் டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைச் சில்லறையாக ஊற்றி விற்பதை அங்கே நிறுத்தி, பங்க்குகளிலேயே அளந்து கலந்த பெட்ரோலைக் கொடுக்க வேண்டும் என்பது. உலக வங்கி 2000ஆம் ஆண்டில் தெற்காசிய டூ ஸ்ட்ரோக் வாகனங்களின் புகை பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதே பழக்கத்தைச் சுட்டியது. ஓட்டுநர்கள் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுகிறார்கள், அது பிஸ்டன் பிடிப்பதைத் தடுக்கும் என்று தவறாக நம்புகிறார்கள் என்றது. டாக்காவிலும் டெல்லியிலும் ஆட்டோக்காரர்கள் நம்பியதைத்தான் இன்று நாம் களை மிஷினுக்கு நம்புகிறோம்.

புகை குறைவான ஆயில் 'சப்பையான' ஆயில் என்ற கிளை நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ஆயில் கெட்டியாக இருந்தது, புகைந்தது, ஆனால் காத்தது. புதியது அரசாங்கத்துக்குப் பயந்து செய்தது என்பார்கள். ஜப்பானியர் வகுத்த ஜாசோ தரப்பட்டியலைப் பார்த்தால் இது நிற்காது. அதில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று தரங்கள் உண்டு. உராய்விலிருந்து காக்கும் திறனுக்கு மூன்றுக்கும் ஒரே குறைந்தபட்ச மதிப்பெண்தான்: 95. புகைக்கு வரும்போது எஃப்பிக்கு 45 போதும், எஃப்சிக்கு 85 வேண்டும். சைலன்சர் அடைப்புக்கு எஃப்பிக்கு 45, எஃப்சிக்கு 90. பிஸ்டனைச் சுத்தமாக வைக்கும் திறனில் எஃப்டி 125 வரை கேட்கிறது. ஆக, புகை குறைந்ததற்காகக் காப்பு குறையவில்லை. கூடியது சுத்தம். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்காமல், ஆயிலின் நிறத்தையும் பிசுபிசுப்பையும் விரலில் தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்லும் நிபுணர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்.

'கம்பெனிக்காரன் புகைச் சட்டத்துக்காக அளவைக் குறைத்து எழுதுகிறான்' என்று சொல்பவர்கள் கம்பெனிக் கையேட்டை முழுதாகப் படித்தவர்கள் அல்ல. களை மிஷின் விற்கும் ஹஸ்க்வர்னாவின் கையேடு, தன் ஆயிலையோ அதற்கு இணையானதையோ ஊற்றினால் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது 2 சதவீதம் என்கிறது. எஃப்பி தர ஆயில் என்றால் முப்பத்து மூன்றுக்கு ஒன்று, 3 சதவீதம் என்கிறது. ஸ்டில் நிறுவனத்தின் பழைய கையேடுகளிலும் தன் ஆயிலுக்கு ஐம்பதுக்கு ஒன்று, மற்ற ஆயில்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று என்று உண்டு. அதே மிஷின், அதே பிஸ்டன், அதே வெயில். மாறுவது எண்ணெய் மட்டும். சொந்தச் சரக்கை விற்கும் ஆசை இதில் கொஞ்சம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் தேவைப்படும் இடத்தில் கூட்டி ஊற்றச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. மட்டமான எண்ணெய்க்குக் கட்ட வேண்டிய அபராதமே அந்தக் கூடுதல் அளவு. நல்ல எஃப்சி ஆயிலை வாங்கிவிட்டு அபராதத்தையும் சேர்த்துக் கட்டுவானேன்?

இனி, கூடுதல் ஆயில் செய்யும் கெடுதலுக்கு வருவோம். பலர் கேட்டதும் சிரிக்கிற விஷயம் இது: ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. கார்பரேட்டரின் ஜெட் ஒரு துளை, அவ்வளவுதான். அதன் வழியே போவது பெட்ரோலா ஆயிலா என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 20 மில்லி கலந்தால் ஜெட் வழியே போகும் திரவத்தில் பெட்ரோல் ஏறத்தாழ 98 சதவீதம். 50 மில்லி என்றால் 95 சொச்சம். கலவை கெட்டியாவதால் துளை வழியே ஓடுவதும் சற்று மந்தமாகும். காற்று அதே அளவில் வர, பெட்ரோல் குறைந்தால் கலவை 'லீன்' ஆகிறது, எரியும் இடம் சூடேறுகிறது. ஆயிலும் எரியக்கூடியதுதானே, பெட்ரோல் செய்யும் வேலையை அது செய்யாதா என்று கேட்கலாம். ஓரளவு செய்யும். ஆனால் அது பெட்ரோல்போல ஆவியாகி எரிவதில்லை; கணிசமான பங்கு புகையாகவும் சைலன்சர் முனையில் வழியும் கறுப்புக் கசடாகவும் வெளியேறுவதை நாமே பார்க்கிறோம். மூன்று சதவீதம் என்பது தனியாக ஓர் இன்ஜினைக் கொல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்பு இது பெரிய விஷயமாக இருந்திருக்காது. இன்று பங்க்கில் வருவது இ20.

நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் இது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ20க்கு 13.5 அளவில் போதும். பழைய பெட்ரோலுக்குத் துளையிட்ட ஜெட்டை அப்படியே வைத்து இ20 ஊற்றினால், கலவை ஏழெட்டு சதவீதம் லீன் ஆகிவிடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆர்எக்ஸ் 100க்கும் முதுகு ஸ்ப்ரேயருக்கும் கம்ப்யூட்டர் கிடையாது. இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாவதை உணர்ந்த ஓட்டுநர் என்ன செய்கிறார்? 'எத்தனால் பெட்ரோல் இன்ஜினைக் காய வைக்குது' என்று சொல்லி ஆயிலை இன்னும் இருபது மில்லி கூட்டுகிறார். ஏற்கெனவே லீனாக இருக்கும் கலவையை மேலும் லீனாக்குகிறார். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக மாற்றலாம். ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினால் ஊசி மேலேறிப் பெட்ரோல் கூடும். மெக்கானிக்குக்குப் பத்து நிமிஷ வேலை. ஆயில் டப்பாவைச் சரிப்பது அதைவிடச் சுலபம் என்பதால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

இதோடு கரி சேர்கிறது. தூக்கலாக ஊற்றி இரண்டு வருஷம் ஓட்டிய எக்ஸ்எல்லின் சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயை ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். நீள்வட்டமாக இருக்க வேண்டிய வாய், உள்ளே கரி அப்பிச் சுருங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் தகடு தகடாகப் பெயரும். எரிந்த வாயு முழுதாக வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்குகிறது. புதுக் கலவைக்கு இடம் குறைகிறது. மேட்டில் வண்டி திணறுகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுகிறார், சூடு இன்னும் ஏறுகிறது. பிஸ்டனின் ரிங் உட்காரும் பள்ளத்தில் கரி இறுகினால் ரிங் அசையாது. அசையாத ரிங் சிலிண்டரை அணைத்துக்கொள்ளாது, சூடான வாயு அதைத் தாண்டிக் கீழே பாயும், பிஸ்டனின் ஓரத்தில் பழுப்பாகத் தீய்ந்த கறை தெரியும். தலைப்பக்கம் படிந்த கரி செஞ்சூடாகி, பிளக் பொறி விடுமுன்பே கலவையைப் பற்றவைப்பதும் உண்டு. இப்படி நின்ற இன்ஜினைப் பிரித்துவிட்டு 'ஆயில் பத்தலை' என்று தீர்ப்புச் சொன்னால், அடுத்த இன்ஜினும் அதே வழியில்தான் போகும்.

பிடித்துக்கொண்ட பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கோடு விழுந்திருந்தால் சூடும் லீன் கலவையும் முதல் சந்தேகம். இன்டேக் பக்கம் உள்ளிட்டுச் சுற்றிலும் வறண்டு தேய்ந்திருந்தால் ஆயில் பஞ்சம் என்று சொல்லலாம். நாலு மூலையில் நாலு கீறல் என்றால் சூடாகுமுன் முறுக்கியிருக்கிறார்கள், பிஸ்டன் விரிந்த வேகத்துக்குச் சிலிண்டர் விரியவில்லை. தலையில் ஓட்டை என்றால் ஜெட் அடைப்பையோ பற்றவைப்பையோ பார்க்க வேண்டும். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் வழியாக, தேய்ந்த கிராங்க் ஆயில் சீல் வழியாகக் கள்ளக் காற்று புகுந்தாலும் கலவை லீன் ஆகும். களை மிஷினின் குளிர்விக்கும் துடுப்புகளுக்கிடையே புல் தூளும் கரிசல் புழுதியும் அடைத்தால், எத்தனை மில்லி ஊற்றினாலும் அதன் சூடு தணியாது. இவற்றில் எதையும் பார்க்காமல் தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்றால், ஆயிலைக் குறை சொல்வது ரொம்ப வசதி.

'ரேஸ்காரங்க எல்லாம் முப்பதுக்கு ஒண்ணு ஊத்துறாங்களே?' இந்தத் தரப்பின் வலுவான வாதம் இதுதான், மேம்போக்காகத் தள்ள முடியாது. யமஹாவின் ஒய்இசட் 250 மோட்டோகிராஸ் வண்டிக்குக் கையேடே முப்பதுக்கு ஒன்று என்கிறது. ஆனால் அதே மண் தடத்தில் ஓடும் கேடிஎம் 250, 300 என்டூரோ வண்டிகளுக்கு அந்த நிறுவனம் நல்ல ஆயிலோடு அறுபதுக்கு ஒன்று போதும் என்றது. இரண்டும் கோப்பை வாங்கிய வண்டிகள். இதிலிருந்து 'கூடுதலே நல்லது' என்று யமஹாவை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையல்ல. எத்தனை ஆயிரம் சுற்று, எவ்வளவு நேரம் முழு முறுக்கில் என்பதைப் பொறுத்தே தேவை கூடுகிறது. பந்தய வண்டி அதிகச் சுற்றில் இடைவிடாமல் ஓடுவது. கலவைக்கேற்ப ஜெட்டும் மாற்றப்பட்டிருக்கும். சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பிஸ்டனும் ரிங்கும் மாறும். கரி சேர அதற்கு நேரமே கொடுப்பதில்லை. ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ரேஸ் ஆயில்களை அவர்கள் ஊற்றுவதும் அந்தத் துணிச்சலில்தான். அந்த விளக்கெண்ணெய்ப் பிசினை நம் எக்ஸ்எல்லில் விட்டுவைத்தால் ரிங் பள்ளம் கோந்து போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும்.

ராஜபாளையம் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பூ மூட்டையோடு போகும் வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. கையேட்டு அளவே முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் மோசமான நிலையை மனத்தில் வைத்துப் போட்டது. மெதுவாக ஓட்டுபவருக்கு அதிலேயே மிச்சம் இருக்கிறது. யமஹா 1964இல் கொண்டுவந்த ஆட்டோலூப் பம்ப்பின் அடிப்படையே இதுதான். இன்ஜினின் சுற்றையும் ஆக்சிலரேட்டரையும் பார்த்து, கூடவோ குறையவோ ஆயில் விடும். சும்மா உறுமும்போது மிகக் குறைவாக. ஆயில் பம்ப் உள்ள வண்டியில் 'பம்ப்பை நம்ப முடியாது' என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு டாங்க்கில் தூக்கலாக ஊற்றுபவர்கள், பொறியாளர்கள் அறுபது வருஷத்துக்கு முன்பே தீர்த்த கேள்வியை மறுபடி திறக்கிறார்கள். பம்ப் பழுதானால் கழற்றலாம், அது வேறு. நல்ல பம்ப்பையும் கழற்றுவதற்குப் பயத்தைத் தவிரக் காரணமில்லை.

டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்குப் பதிலாக 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை ஊற்றலாமா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அது எரிவதற்காகச் செய்ததல்ல. அதிலுள்ள துத்தநாக, கால்சியச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகிப் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் உட்காரும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. ஆக்டேன் கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் டூ ஸ்ட்ரோக் 'பறக்கும்' என்பதும் வீண் செலவு. தட்டல் கேட்காத இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்டேன் எதையும் தருவதில்லை.

உண்மையில் 'தூக்கலாக' என்பது கூட ஓர் அளவாக இங்கே நடைமுறையில் இல்லை என்பதுதான் பெரிய கோளாறு. பெட்ரோலை நாம் ரூபாயில் வாங்குகிறோம், ஆயிலைப் பாக்கெட்டில். நூறு ரூபாய்க்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். அதற்கு 20 மில்லிப் பாக்கெட் ஒன்று கச்சிதம். ஐம்பது ரூபாய்க்குப் போட்டு அதே பாக்கெட்டைப் பிழிந்தால் 4 சதவீதம். இருநூறுக்குப் போட்டு ஒரே பாக்கெட் என்றால் 1 சதவீதம். அதே வண்டி, அதே வாரத்தில் இந்த இரண்டையும் பார்க்கிறது. சராசரி சரியாக வந்துவிடும் என்று சமாதானம் சொல்ல முடியாது, ஏனென்றால் பிஸ்டன் சராசரியில் ஓடுவதில்லை. 1 சதவீதம் ஓடிய அந்த ஒரு நாளில் பிடித்துக்கொண்டால், பழி ஆயிலின் அளவில்லாத அளவின் மீது விழாது. 'இன்னும் தூக்கலா ஊத்தியிருக்கணும்' என்றே பேச்சு வரும். இதில் கலக்கும் முறை வேறு. பெட்ரோல் போட்ட பிறகு மேலே ஆயிலைக் கொட்டி மூடினால், கனமான ஆயில் அடியில் இறங்கிக் குழாய் வாயில் நிற்கும். முதலில் ஆயில் மிகுந்த கலவை, பிறகு ஏறத்தாழ வெறும் பெட்ரோல். ஆயிலை முதலில் விட்டு, அதன்மேல் பெட்ரோல் விழும்படி செய்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

'வயக்காட்டுல நின்னுக்கிட்டு யாரு அளந்துக்கிட்டு இருக்கது?' என்று கேட்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே வயல்காரர் பத்து லிட்டர் டாங்க்குக்கு இத்தனை மில்லி பூச்சிமருந்து என்று மூடியில் அளந்துதான் ஊற்றுகிறார். கூடினால் பயிர் கருகும், குறைந்தால் புழு சாகாது என்று அவருக்குத் தெரியும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மருந்துக் கடையில் வாங்கிய ஊசி போடாத சிரிஞ்ச் ஒன்று இருந்தால், 100 மில்லி எஃப்சி ஆயிலை முதலில் விட்டு 5 லிட்டர் பெட்ரோலை மேலே ஊற்றிக் குலுக்கிவிடலாம். கையேடு 2 சதவீதம் கேட்கும் எந்த மிஷினுக்கும் அது போதும். ஆனால் அந்தக் கேனை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் தகரக் கொட்டகைக்குள் மூடி தளர்ந்து கிடக்கும் கேனில் தண்ணீர் கூடினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்துவிடும். ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடுத்த முறை ஸ்ப்ரேயரைக் கிளப்பும்போது குழாய் முதலில் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத அந்த அடித்தண்ணீரைத்தான், மேலே லிட்டருக்கு எத்தனை மில்லி கலந்திருந்தாலும். மருந்தடிப்பு முடிந்த அன்றே டாங்க்கை வடித்துவிட்டு, கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை மிஷினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.